எல்லா விரல்களும் நலம்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வணக்கம். இங்கே நாங்கள் நலம். குறிப்பாக எல்லோருடைய விரல்களும் நலம். அங்கே நீங்களும் சித்தியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நீங்கள் அனுப்பிய பேட்டரி ரம்பம் வந்து சேர்ந்தது. "நான் வரும்வரை அண்ணனைத் தொட விடாதே" என்று பெட்டியின் மேல் நீங்கள் எழுதியிருந்ததை அப்பாதான் முதலில் படித்தார். படித்தவுடனே பெட்டியைப் பிரித்துவிட்டார்.

அவருக்கு இருந்த அவசரம் எனக்கும் இருந்தது. போன மழைக்காற்றில் முறிந்த மரக்கிளை என் அறைக்கு மேல் பாதி ஒட்டியும் ஒட்டாமலும் தொங்குகிறது. அது போகும்வரை நான் அங்கே படுக்கக் கூடாது என்று அம்மா என் கட்டிலை அப்பாவின் தையல் மெஷின் பக்கத்தில் போட்டுவிட்டார். ஆண்டுத் தேர்வு நெருங்குகிறது. அப்பா சத்தமாக அளவு சொல்லச் சொல்ல நான் படிக்கிறேன். போன வாரத் தேர்வில் ஒரு போர் நடந்த ஆண்டைக் கேட்டதற்கு யாருடைய இடுப்பளவையோ எழுதிவிட்டு வந்தேன்.

ரம்பத்தோடு வந்த கையேட்டை நான் வாய்விட்டுப் படிக்க வேண்டும், படித்ததை மட்டும் அப்பா செய்ய வேண்டும் என்பது அம்மாவின் உத்தரவு. நானும் முதல் பக்கத்திலிருந்து வரிசையாகத்தான் படித்தேன். எந்தப் புத்தகத்தையும் முன்னால் புரட்டிப் பார்க்க எனக்குப் பிடிக்காது. ஒரு கதையின் முடிவைச் சொல்லிவிட்டீர்கள் என்று உங்களோடு பேசாமல் இருந்தவள் நான். பொருத்தும்போது பேட்டரி உள்ளே இருக்கக் கூடாது என்பது முதல் விதி. நான் அந்த வரிக்கு வருவதற்குள் அப்பா பேட்டரியை மாட்டிவிட்டிருந்தார். அம்மா அதைக் கழற்றிப் பீரோவில் வைத்துப் பூட்டினார். அப்புறம் கையுறை போட்டுக்கொண்டு, பக்கவாட்டு மூடியைத் திறந்து, நீளத் தகட்டைச் சுற்றிச் சங்கிலியை மாட்டினார் அப்பா. மாட்டியது என்னவோ சரி, பற்கள்தான் திரும்பி நின்றன. தகட்டின் மேல்பக்கத்துப் பற்கள் நுனியைப் பார்க்க வேண்டும். அப்பா மாட்டியது அவரையே பார்த்தது.

"மெஷின் சக்கரத்தை எப்பவும் நம்ம பக்கமாத்தான் சுத்தணும். இத்தனை வருஷமா அப்படித்தான் தைக்கிறேன்" என்றார்.

"இது தைக்கிறது இல்லப்பா, அறுக்கிறது. படத்தைப் பாருங்க."

"படம் போட்டவன் தலைகீழா போட்டிருப்பான்."

"பேன்ட்டுக்குப் பின்னாடி ஜிப் வெச்சுத் தெச்சவர் சொல்றார், கேட்டுக்கோடி" என்றார் அம்மா.

அப்பா சங்கிலியைக் கழற்றித் திருப்பி மாட்டினார். அடுத்தது இறுக்கம். தொய்ந்தால் கழன்று வரும், அதிகம் இறுகினால் ஓடாது, கையால் இழுத்தால் வழுக்கிக்கொண்டு வர வேண்டும் என்று படித்தேன். "அட, சட்டைக் காலர் மாதிரி!" என்று அப்பா திருகாணியை இரண்டு திருப்புத் திருப்பினார், சரியாக வந்துவிட்டது. ஆனால் உடனே தையல் மெஷின் எண்ணெயை எடுத்து ஊற்றப் போனார். அது தண்ணீர் மாதிரி, சிதறிப் போய்விடும், நீங்கள் அனுப்பிய கெட்டி எண்ணெய்தான் வேண்டும் என்று நான் போய்த் தடுத்தேன்.

தளர்வான உடை கூடாது என்ற வரியை நான் படித்திருக்கவே கூடாது, சித்தப்பா. அன்று மாலை முழுவதும் அப்பா உட்கார்ந்து தன் பேன்ட்டை இறுக்கமாகப் பிடித்துத் தைத்தார். இப்போது அதைப் போட்டால் அவரால் குனிய முடியவில்லை. ரம்பத்தைத் தரையிலிருந்து நான்தான் எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. கழுத்தில் எதுவும் தொங்கக் கூடாது என்றதும், "டேப்பும் இல்லாம நின்னா சட்டையே போடாத மாதிரி இருக்குடி" என்று சண்டை பிடித்தார். அம்மா பீரோ சாவியைக் காட்டிய பிறகுதான் கழற்றினார்.

கண்ணாடி போட்டு, காதை மூடி, அம்மா எடுத்துக் கொடுத்த பேட்டரியை மாட்டி, கைப்பிடிக்கு முன்னால் உள்ள தடுப்பைத் தள்ளினால் சங்கிலி நிற்கும் பிரேக்கைச் சோதித்துப் பார்த்தோம், நின்றது. எண்ணெய் வருகிறதா என்று பார்க்க, துணி வெட்டுவதற்கு அளவு வரையும் காகிதத்தை விரித்து, அதில் படாமல் நுனியைக் காட்டி ஓட விட்டார். காகிதத்தில் பொட்டுப் பொட்டாக ஒரு கோடு விழுந்தது. "நேரா தெச்சிருக்கு" என்றார் அப்பா. எனக்கு ஏனோ பெருமையாக இருந்தது.

மீதிப் பக்கங்கள் வெட்டுவதைப் பற்றியவை. "வெட்டுறது நாளைக்குத்தானே, நாளைக்குப் படி" என்று அப்பா சொல்லிவிட்டார். எனவே ரம்பம் முழுக்கத் தயார். துணி வெட்டும் மேசையைக்கூட ஏறி நிற்பதற்காக வெளியே என் அறை ஜன்னலுக்குக் கீழே போட்டாயிற்று. நீங்கள் சிரமப்பட்டு வர வேண்டாம் என்று எழுதச் சொன்னார். நாளை இரவு நான் என் அறையில் படிப்பேன்.

சித்திக்கு என் அன்பு. உங்கள் ஆசி என் தேர்வுக்கும் அப்பாவின் கைகளுக்கும் வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகள்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் காலை ஆகிவிட்டது, அடுத்த பக்கத்தைப் படித்தேன். தோளுக்கு மேல் உயரத்தில் உள்ள எதையும் இந்த ரம்பத்தால் வெட்டக் கூடாதாம். ஏணியிலோ மேசையிலோ ஏறி நின்றும் கூடாதாம். படிக்காமல் பக்கத்தைத் திருப்பிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அப்பா அதற்குள் மேசை மேல் ஏறப் பார்த்துக்கொண்டிருந்தார், பேன்ட்தான் விடவில்லை. சத்தமாகவே படித்துவிட்டேன். அவர் டேப்பை எடுத்துத் தன் தோளை அளந்தார், பிறகு சுவரை அளந்தார். டேப் முடிந்துவிட்டது, கிளை இன்னும் மேலே இருந்தது. அம்மா பேட்டரியைப் பூட்டப் போய்விட்டார். "கிளை கீழ விழுந்தா அதை நான்தான் துண்டு போடுவேன்" என்று அப்பா பேன்ட்டைப் பிரிக்க உட்கார்ந்துவிட்டார். ஆகவே வர வேண்டாம் என்று மேலே எழுதியதை அடித்துவிட்டதாக வைத்துக்கொண்டு, கயிறு கட்டி மரமேறத் தெரிந்த ஆளோடு உடனே வாருங்கள். திங்கட்கிழமை எனக்கு வரலாற்றுத் தேர்வு. ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாண வீட்டுக் கூட்டமே இங்கே அளவு கொடுக்க வருகிறது.