இளம்பரிதி முகத்துக்குச் சர்க்கரை தேய்த்த கதை

காலாப்பட்டு பஸ்ஸில் கண்டக்டர் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்க வேண்டாம். "அம்மா, உங்க அப்பாவ இந்த சீட்ல ஒக்கார வைங்க" என்றார். கார்குழலியின் அப்பா செத்துப் பல வருஷமாகிறது. கண்டக்டர் கை காட்டியது அவள் புருஷனை.

இளம்பரிதிக்கு அவளைவிட மூன்றே வயது கூட. பெயரிலேயே இளமையை வைத்திருக்கிற மனுஷர். உட்காருவாரா? இறங்கும்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு விறைப்பாக நின்றே வந்தார். சீட்டை வீணாக்குவானேன் என்று கார்குழலி அதில் உட்கார்ந்து காற்று வாங்கினாள்.

குருசுக்குப்பத்து வீட்டுக்கு வந்தவர் செல்போனும் கையுமாக உட்கார்ந்தார். வீடியோ மேல் வீடியோவாகப் பார்த்தார். பொழுது சாய்வதற்குள் குற்றவாளி அகப்பட்டுவிட்டது.

"குழலி, எல்லாம் சக்கரை பண்ற வேலை."

"சுருக்கமா சொல்லுங்க. அடுப்புல கொழம்பு இருக்குது."

"சுருக்கத்தப் பத்திதான்டீ சொல்றேன்."

தோலை இழுத்துப் பிடிக்கிற நார் உள்ளே இருக்கிறதாம். அளவுக்கு மீறித் தின்கிற சர்க்கரை, பாகு மாதிரி அதில் போய் ஒட்டிக்கொள்கிறதாம். நார் விறைத்துப் போகும், தோல் தொங்கிப் போகும். தவளக்குப்பத்தில் மச்சான் மகள் கல்யாணத்துக்கு இன்னும் ஒரு மாசம்தான். கல்யாண வீடியோக்காரன் முன்னால் தான் மாப்பிள்ளைக்கு அண்ணன் மாதிரி நிற்கப் போவதாக அறிவித்தார். இனி ஒரு துளி சர்க்கரை உள்ளே போகாது என்று சபதம் செய்தார்.

அதை வீட்டோடு நிறுத்தியிருக்கலாம். தெரு முழுக்கச் சொன்னார். விளைவு, டீக்கடை செல்வகுமார் கேட்காமலேயே சர்க்கரையில்லாத டீயை மரியாதையோடு நீட்டினான். பேக்கரிக்காரரோ இவர் தலையைக் கண்டதும் கேக்கைத் துணி போட்டு மூடினார். ஊரே காவல் காத்தது.

ஒரு வாரம் தாங்கினார். அதற்குமேல் நாக்கு தாங்கவில்லை. மூளை வேலை செய்தது.

சர்க்கரையைத் தின்றால்தான் கெடுதல், மேலே தேய்த்தால் தோல் பளபளக்கும் என்று மனைவியிடம் சொன்னார். அழகு நிலையத்திலேயே தேய்க்கிறார்களாம். காலையில் குளிக்கப் போகும்போது ஒரு கிண்ணம் வேண்டும் என்றார். நாலு கேள்வி வரும் என்று பதிலோடு நின்றிருந்தார். அவளோ ஒன்றும் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து பாத்ரூம் வாசலில் கிண்ணம் தயாராக இருந்தது.

தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உட்கார்ந்து நிதானமாகத் தின்றார். முகத்துக்கு வெறும் தண்ணீர். வெளியே வந்தால் கார்குழலி தாடையைத் திருப்பிப் பார்த்து, "பரவால்லியே, பளபளன்னு வருது" என்பாள். பொண்டாட்டியை ஏமாற்றுவது இவ்வளவு சுலபமென்று தெரியாமல் இத்தனை காலத்தை வீணடித்துவிட்டோமே என்று அவருக்குக் கொஞ்சம் வருத்தம்கூட.

ஆச்சரியம் என்னவென்றால், முகம் நிஜமாகவே தெளிந்தது. கல்யாண மண்டபத்தில் பார்த்தவரெல்லாம் கேட்டார்கள். பிரான்சில் இருந்து பென்ஷனோடு திரும்பிவிட்ட பள்ளிக்கூட சிநேகிதன் பாஸ்கால், "என்னடா பண்ணே?" என்று கன்னத்தைத் தொட்டே பார்த்துவிட்டான். இளம்பரிதி அவனைத் தூணோரம் தள்ளிக்கொண்டு போனார்.

"சக்கரையால தோல் கெடும்னு சொல்றதெல்லாம் சுத்தப் புளுகுடா. தெனம் ஒரு கிண்ணம் திங்கறேன். குழலி நான் தேய்க்கறேன்னு நம்பிட்டிருக்கா."

தூணுக்கு அந்தப் பக்கம் பாஸ்காலின் மனைவி ஏலேன் இருந்ததை அவர் கவனிக்கவில்லை. அவள் சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்று, ஐயா என்பதைப் பிரெஞ்சில் சொல்லி விளித்தாள்.

"முசியே, நீங்க தின்னது சக்கரையே இல்ல. எங்க ஊட்டுக்காரருக்காக பாரீஸ்லேர்ந்து மாத்துச் சக்கரை கொண்டாந்தேன். இனிப்பு இருக்கும், சக்கரை இருக்காது. கார்குழலிதான் ரெண்டு பாக்கெட் கேட்டு வாங்கினாங்க."

அப்படியானால் ஒரு மாசமாகச் சபதத்தை ஒழுங்காகக் காப்பாற்றியிருக்கிறார், தனக்கே தெரியாமல்.

நேரே பந்திக்குப் போனார். கார்குழலி பக்கத்து இலையை அவருக்காகப் பிடித்து வைத்திருந்தாள். எப்போது தெரியும் என்று கேட்டார்.

"நீங்க கேட்டப்பவே சந்தேகம், அன்னிக்கே பாக்கெட்ட வாங்கிட்டேன். மொத நாளே உறுதியாயிடிச்சி. தேச்சவரா இருந்தா கிண்ணம் பிசுபிசுன்னு இருக்கும். நீங்க நக்கி வெச்சிருந்தீங்க."

அப்பளத்தை உடைத்தார். பிறகு அவருக்கு ஒரு கணக்கு உதைத்தது.

"அப்ப மளிகைக் கடையில மாசாமாசம் வாங்கற நெஜ சக்கரை?"

"தீந்துபோச்சிங்க. இப்பல்லாம் என் ஒருத்திக்கே பத்தமாட்டேங்குது" என்ற கார்குழலி, அவர் இலையில் விழவிருந்த பாயசத்துக்குக் கையைக் குறுக்கே நீட்டி, கரண்டியைத் தன் இலைப் பக்கம் திருப்பிவிட்டாள்.