ஃபால்ஸ் பாக்கப் போன பொட்டி

அடுத்த தெருப் பொண்ண ஓட்டல்ல வச்சிப் பாத்தாங்கன்னு இப்டி வாயப் பொளக்கிறியே வசந்தா, அதுல இன்னா கீது. ஏசி போட்ட எடம், ஆளுக்கு ஒரு காபி, பொண்ணும் புள்ளயும் நாலு வார்த்த பேசிக்கினாங்க, எழுந்து வந்துட்டாங்க. எம் பொண்ணு மல்லிகாவ நாங்க எங்க கூட்டிம்போயிக் காட்டினோம்னு கேட்டா நீ இன்னா பண்ணுவ. மலையில, பாற மேல. அதுவும் ஒரு வாட்டியில்ல, மூணு வாட்டி. சித்திர வெயில்ல ஒண்ணு, ஆவணியில ஒண்ணு, கார்த்திக மழையில ஒண்ணு. அந்தப் பொடவய இப்டி வையி. ஃபால்ஸ் தானே, வச்சித் தரேன். ஃபால்ஸ் துணி வாளியில ஊறிக்கினு கீது. அது ஊறங்காட்டியும் சொல்றேன், ஒக்காரு.

எனக்கு எழுத்து வாசன அப்பவும் கெடயாது, இப்பவும் கெடயாது. கைநாட்டு தான். அது ஒரு கொற இல்ல. ஆனா எல்லாம் எனக்குத் தெரியும்னு அந்த வயசுல ஒரு நெனப்பு இருந்துது பாரு, அதான் பேஜாராப் பூட்ச்சி.

மல்லிகா அப்போ காஞ்சிபுரத்துப் பட்டுக் கடைங்களுக்கு ஃபால்ஸ் வச்சிக் குடுத்துக்கினு இருந்தா. பொடவ அடியில ஓரத்துக்கு வச்சித் தெக்கிறமே, அதே ஃபால்ஸ். அதெல்லாம் அப்பதான் புதுசா வந்துச்சி. (எங்க காலத்துல ஏது ஃபால்ஸ். பொடவ கிஞ்சா கிஞ்சிதுன்னு கட்டிக்கினு திரிஞ்சோம்.) அவ கை தையல் வெளிய தெரியாது. பொடவயத் திருப்பிப் போட்டுத் தேடணும். ஆனா வந்தவன் எவன் பொடவயத் திருப்பிப் பாத்தான். ரெண்டு எடத்துலேர்ந்து வந்தாங்க, கேசரி துன்னாங்க, கலரு பத்தலன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. ரெண்டாவது எடம் போனப்பறம் அவ மூணு நாளு எங்கிட்ட மூஞ்சி குடுத்துப் பேசல. இன்னொரு எடம் அப்டிப் போச்சின்னா இந்தப் பொண்ணு யாரு முன்னாடியும் வந்து நிக்காதுன்னு எனக்குத் தெரிஞ்சி போச்சி.

எங்க அண்ணன் வேலூர்ல பஸ் கண்டக்டரு. அவரு தான் ஒரு புள்ளயப் பாத்து லெட்டரு போட்டாரு. பையன் பேரு செல்வம், கரெண்டு ஆபீசுல வேல. மல்லிகா பொடவ குடுக்க காஞ்சிபுரம் போயிருந்தா, லெட்டரப் படிச்சிக் காட்டினது போஸ்ட்மேன். அந்தாளு வாய் நெறய வெத்தல. "மாப்ள வூட்டாரு ஞாயித்துக்கெழம ஃபால்ஸ் பார்க் வர்றாங்க, நீங்க பொண்ணக் கூட்டிக்கினு மலை பஸ் ஏறி கடைசி ஸ்டாப்புல எறங்குங்க"ன்னு எழுதியிருந்துதாம். வெத்தலையோட வந்து எங்காதுல வுழுந்தது "ஃபால்ஸ் பாக்க வர்றாங்க".

எனக்குச் சந்தோஷம் தாங்கல. கலரப் பாக்கல, மூக்கப் பாக்கல, பொண்ணு வைக்கிற ஃபால்ஸப் பாக்க வர்றாங்கன்னா எவ்ளோ நல்ல குடும்பம். எங்க வூட்டுக்காரரு கிட்ட சொன்னேன். அவருக்குத் தெரியாத விசயம்னு ஒண்ணு ஒலகத்துல கெடயாது.

"டவுன்ல அப்டித்தான்" அப்டின்னாரு.

டிரங்குப் பொட்டியில ஆறு பொடவ அடுக்கினேன், எல்லாம் மல்லிகா ஃபால்ஸ் வச்சது. மேலாப்புல எங் கூரப் பொடவ, அரக்குப் பட்டு. திருப்புலிவனத்துலேர்ந்து உத்தரமேரூர், உத்தரமேரூர்லேர்ந்து காஞ்சிபுரம், அங்கேர்ந்து வேலூர், வேலூர்லேர்ந்து மலை பஸ். பொட்டி எந் தலமேலயே.

கடைசி ஸ்டாப்புல எறங்கினா ஒரு கேட்டு, ஒரு போர்டு, நாலு மரம். உள்ள போனா வெறும் பாற. அடுப்பு கணக்கா கொதிக்குது. ஒரு கட இல்ல, ஒரு மிசினு இல்ல. வாட்ச்மேன் ஒருத்தன் துண்டப் போட்டு மூஞ்ச மூடிக்கினு படுத்திருந்தான். எழுப்பினேன்.

"இன்னாப்பா, ஃபால்ஸ் எங்க கீது?"

"இப்ப ஏதும்மா ஃபால்ஸ். மழ பேஞ்சாத்தான் வரும்."

"மழ பேஞ்சா எப்டிப்பா ஃபால்ஸ் வரும்?"

"மேல பேஞ்சா கீழ வந்து வுழும். இன்னாம்மா கேள்வி இது."

"எவ்ளோ நீளம் வரும்?"

"நாப்பது அடி இருக்கும்."

நான் அப்டியே நின்னுட்டேன். அப்பறம் எங்க வூட்டுக்காரரு காதுல சொன்னேன், "ஆறு கெஜப் பொடவைக்கு நாப்பது அடி ஃபால்ஸ் எதுக்குங்க?"

அவரு மீசயத் தடவிக்கினாரு. "ரெண்டு சுத்து வச்சித் தெப்பாங்க. டவுன்ல அப்டித்தான்."

மல்லிகா அந்தப் பக்கம் திரும்பி முந்தானையால வாயப் பொத்திக்கினா. தோளு குலுங்குது. அழுவுதுன்னு நெனச்சி முதுகத் தடவிக் குடுத்தேன்.

அதுக்குள்ள அண்ணன் ஓடியாந்தாரு. "அவங்க வரலம்மா கன்னிம்மா. ஃபால்ஸ் இல்லாத நாள்ல வந்து இன்னா பண்றதுன்னு கேக்கறாங்க. தண்ணி வந்தப்பறம் பாத்துக்கலாம்னாங்க."

தண்ணிக்கும் தையலுக்கும் இன்னா சம்பந்தம்னு எனக்கு ஒண்ணும் புரியல. சாயம் போவுதான்னு நனச்சிப் பாப்பாங்க போலன்னு நானே ஒரு முடிவு கட்டிக்கினேன்.

"நாங்க ரெடியாத்தாண்ணா வந்தோம்" அப்டின்னேன்.

"பொட்டியில இன்னா, சோறா?"

"எல்லாம் கீது."

ஆவணியில ரெண்டாவது வாட்டி கூப்ட்டாங்க. இந்த வாட்டி நான் உஷாரு. போன வாட்டி தப்பான எடத்துல எறங்கிட்டோம், காஞ்ச பாறையில எவனாவது ஃபால்ஸ் பாப்பானா. அதனால வேலூரு பஸ் ஸ்டாண்டுலயே ஒரு பூக்காரம்மாவக் கேட்டேன், ஃபால்ஸ் எங்க கீதுன்னு. நேரா போயி சோத்தாங்கைப் பக்கம் திரும்புன்னாங்க. போனா பெரிய கட. செவுரு முழுக்க ஃபால்ஸ் சுருட்டி அடுக்கி வச்சிக்கீது. பச்ச, மஞ்ச, கத்திரிப்பூ கலரு. அப்பாடான்னு ஒக்காந்துட்டேன்.

கடக்காரரு, "எந்தக் கலர்ல வேணும்"னாரு. "மாப்ள வூட்டாரு வருவாங்க, வந்தப்பறம் சொல்றோம்"னேன். அந்தாளு தலயச் சொறிஞ்சிக்கினு சோடா வாங்கிக் குடுத்தாரு. யாரு உள்ள வந்தாலும் மல்லிகாவ எழுப்பி நிக்க வச்சேன். மேட்சிங்குக்கு வந்த பொம்பளைங்க எல்லாம் எம் பொண்ண ஏற எறங்கப் பாத்துட்டு பட்டன் வாங்கிக்கினு போனாங்க. கடைய மூடற வரைக்கும் ஒக்காந்திருந்தோம்.

திரும்பி பஸ் ஸ்டாண்டுக்கு வந்தா அண்ணன் நிக்கிறாரு. கண்ணு செவந்து கெடக்குது.

"எங்க போயித் தொலஞ்சீங்க? அவங்க மத்தியானத்துலேர்ந்து ஃபால்ஸ் பாத்துட்டுக் கெளம்பிட்டாங்க."

"எப்டிண்ணா பாத்தாங்க, ஃபால்ஸ் எங்கிட்டல்ல கீது."

அண்ணன் என்னயப் பாத்தாரு, பொட்டியப் பாத்தாரு. "வெயிலு ஒனக்கு ஒத்துக்கல. வூட்டுக்குப் போயி மோரு குடிச்சிட்டுப் படு. இன்னும் ஒரே ஒரு வாட்டி தான் வருவாங்களாம், கேட்டுக்க. அப்பறம் வேற எடம் பாத்துக்குவாங்க" அப்டின்னுட்டு டியூட்டிக்குப் பூட்டாரு.

பஸ்ல வரும்போது மல்லிகா சன்னலோரம் ஒக்காந்து வெளியவே பாத்துக்கினு வந்தா. ஒரே ஒரு வாட்டி. அதுலயும் சொதப்பினா இந்தப் பொண்ணு ஊசியும் நூலுமா எங்கூடவே கெடந்துடும்.

கார்த்தியில மூணு நாளா மழ. அண்ணன் இந்த வாட்டி என்னய நம்பல. கையோட மலை பஸ்ல ஏத்தி, அவரே கூட வந்தாரு. அதே கேட்டு, அதே போர்டு. அதே பாறையான்னு பாத்தா, மேலேர்ந்து கொட்டுது பாரு தண்ணி. எருமக் கூட்டம் ஓடியாற மாதிரி சத்தம். பக்கத்துல நிக்கிறவங்க பேசறதே காதுல வுழல.

மாப்ள வூட்டாரு கொடயப் புடிச்சிக்கினு நின்னாங்க. செல்வம், வெள்ள சட்ட வெள்ள வேட்டி. அவங்க அம்மா, மூக்குல கண்ணாடி, ஒரு வார்த்த அனாவசியமா பேசாத ஆளு. எங்களப் பாத்து கும்புட்டுட்டு, ஏதோ பேசணுமேன்னு தண்ணிப் பக்கம் கையக் காட்டி, "ஃபால்ஸ் எப்டி கீது பாத்தீங்களா"ன்னாங்க.

இதுக்குத்தானே ஏழு மாசமா சொமந்தேன். பொட்டியத் தெறந்தேன். "நீங்களே நல்லா பாருங்க சம்மந்தி"ன்னேன். (இன்னும் ஒண்ணும் முடியல, அதுக்குள்ள சம்மந்தி.) கூரப் பொடவய எடுத்து, ஓரத்தத் திருப்பி, அந்தம்மா மூஞ்சிக்கு நேரா நீட்டினேன். அண்ணன் வாயில கைய வச்சிக்கினாரு. எங்க வூட்டுக்காரரு, டவுன்ல இப்டித்தான்னு தலய ஆட்டிக்கினு நின்னாரு.

அந்த நேரம் பாத்து ஒரு காத்து. பொடவ எங் கையவுட்டு எழும்பி, பாம்பு கணக்கா நெளிஞ்சி, நேரா தண்ணி வுழற பள்ளத்துல போயி வுழுந்துச்சி.

நான் கத்தினது யாருக்கும் கேக்கல. ஆனா செல்வம் பாத்துட்டான். செருப்ப ஒதறினான், எறங்கிட்டான். மார் அளவு தண்ணி. முந்தானயப் புடிச்சி இழுக்கிறான், தண்ணி அந்தப் பக்கம் இழுக்குது. கடைசியில பொடவய ஒடம்பு பூரா சுத்திக்கினு கர ஏறினான். சாமிக்குப் பட்டு சாத்தின மாதிரி நிக்கிறான். அரக்கு சாயம் எறங்கி, சட்ட, வேட்டி எல்லாம் ரோஸு.

நான் செத்துப் போலாம்னு நெனச்சேன். அவங்க அம்மா மெள்ள கிட்ட வந்து, புள்ள மேலேர்ந்து பொடவய உருவி, ஓரத்த எடுத்து கட்டவெரலால தேச்சித் தேச்சிப் பாத்தாங்க.

"நனஞ்சும் சுருங்கலயே"ன்னாங்க.

அப்பதான் மல்லிகா வாயத் தெறந்தா. "ஃபால்ஸ் துணிய உப்புத் தண்ணியில ஊற வச்சி, காய வச்சப்பறந்தான் தெச்சேன் அத்தே."

நான் சம்மந்தின்னேன், இவ அத்தேன்னுட்டா. எங்க குடும்பமே அவசரக் குடும்பம்.

அதுக்கு மேல அந்தம்மா ஒண்ணும் சொல்லல. போறப்ப கூட கும்புட்டுட்டு பஸ் ஏறிட்டாங்க. பஸ்ல தான் அண்ணன் எனக்கு வெளக்கினாரு, ஃபால்ஸ்னா மேலேர்ந்து வுழற தண்ணின்னு. மலை எறங்கற வரைக்கும் வெளக்கினாரு. நான் பொட்டிய மடியில வச்சிக்கினு கேட்டுக்கினே வந்தேன். எங்க வூட்டுக்காரரு, "எனக்கு மொதல்லயே தெரியும்"னாரு.

எட்டு நாளு கழிச்சி கார்டு வந்துச்சி. போஸ்ட்மேன வாய் கொப்புளிக்க வச்சிட்டுத்தான் படிக்க வுட்டேன். ரெண்டே வரி. "ஃபால்ஸ் பிடித்திருக்கிறது. தை மாதம் வந்து பேசுகிறோம்."

எந்த ஃபால்ஸு வசந்தா? தண்ணியா, தையலா? இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. சம்மந்தியம்மாவ எத்தினி வாட்டியோ கேட்டுட்டேன். கண்ணாடியக் கழட்டித் தொடச்சிக்கினு சிரிக்கிறாங்களே தவுர, சொல்ல மாட்டேங்கிறாங்க.

கல்யாணம் முடிஞ்ச பெறகு மல்லிகா ஒண்ணு சொன்னா பாரு. அவ மொத வாட்டியே அந்தப் போர்டப் படிச்சிட்டாளாம். நீர்வீழ்ச்சின்னு பெருசா எழுதியிருந்துதாம். அன்னிக்கு தோளு குலுங்கினது அழுவ இல்ல, சிரிப்பு.

"பின்ன ஏண்டி சொல்லல? ஏழு மாசம் பொட்டியத் தூக்க வுட்டியே"ன்னேன்.

"எம் மூஞ்சியப் பாக்கறவங்களப் பாத்துட்டேம்மா. ஒருத்தராவது எந் தையலப் பாக்கட்டுமேன்னு வுட்டுட்டேன்" அப்டின்னா.



இப்ப வருசத்துக்கு நாலு வாட்டி அங்க போறோம். சித்திரையில பாற காஞ்சி கெடக்கும், ஆவணியில இழ இழயா வரும், கார்த்தியில கொட்டும், தையில பாதியாயிடும். எந்தக் காலத்துல போனாலும் பேரப் புள்ளைங்க வாசல்லயே ஆரம்பிச்சிடும், "ஆயா, பொட்டிய எடுத்துக்கினியா?" மருமவன் மட்டும் அங்க வெள்ள சட்ட போடறதே இல்ல.

அட, பேச்சு சுவாரசியத்துல துணிய மறந்தே பூட்டேன். அந்த வாளிய இப்டித் தள்ளு. ஊறினது போதும், புழிஞ்சி கொடியில போட்டுட்டு வரேன். ஒம் பொண்ண எங்க வச்சிப் பாக்க வருவாங்களோ, யாருக்குத் தெரியும்.