சகலை வீட்டைவிடப் பெரிய வீடு

எனக்குச் சர்க்கரை கிடையாது. ரத்தக்கொதிப்பு கிடையாது. இந்த வயசிலும் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்காது. பொறாமை மட்டும் உண்டு. அது என் இருபத்தாறாவது வயசில், கல்யாணத்துக்கு மறுநாள் காலையில் பிடித்தது. இன்னும் விடவில்லை.

காரணம் என் சகலை சங்கரலிங்கம். என் மனைவி செண்பகத்தின் அக்கா உலகம்மாளைக் கட்டியவர். எனக்கு இரண்டு வருஷம் முந்தியே அந்த வீட்டுக்கு மாப்பிள்ளை ஆனவர். ஒரு பஸ் கம்பெனியில் செக்கிங் இன்ஸ்பெக்டர். தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் நடுவில் எந்த இடத்தில் நின்று கையைக் காட்டினாலும் அவருக்கு பஸ் நிற்கும். என்னைக் கண்டால் நிற்கிற பஸ்ஸும் கிளம்பிவிடும். அந்த மறுநாள் காலையில் இலஞ்சியில் மாமனார் வீட்டு வாசலிலேயே பஸ்ஸை நிறுத்தி இறங்கினார். "மூத்த மாப்ள வந்தாச்சு" என்று மாமனார் எழுந்து நின்றார். எனக்கு அவர் எழுந்து நின்றதாக ஞாபகம் இல்லை. (நான் ராத்திரியிலிருந்தே அந்த வீட்டுக்குள்தான் இருந்தேன் என்பது வேறு விஷயம்.)

நான் தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியார். வேறு இரண்டு வாத்தியார்களோடு ஒற்றை அறையில் தங்கியிருந்தேன். அதனால் தை மாசம் கல்யாணம் முடிந்தும் செண்பகம் இலஞ்சியிலேயே இருந்தாள்.

"ஆடி பொறக்கதுக்கு முன்ன ஒரு வீட்டப் பாத்துருங்க மாப்ள. பிள்ளையக் கொண்டாந்து விட்டுருதோம்" என்றார் மாமனார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "மூத்த மாப்ள வீட்டப் பாத்தியள்லா? அது மாதிரி ஒண்ணு பாருங்க" என்றார்.

அந்த 'அது மாதிரி' என் நெஞ்சில் போய்க் குத்திக்கொண்டது.

சகலை வீட்டை அதுவரை நான் பார்த்ததில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை விருந்துக்குக் கூப்பிட்டார்கள். தென்காசியில் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் வீடு. கரண்ட் விளக்கு. உருளை போட்ட சொந்தக் கிணறு. கூடத்தில் தேக்குப் பலகை ஊஞ்சல். சாப்பாட்டில் என்ன குழம்பு என்று இப்போது கேட்டால் தெரியாது. அடுக்களை பதினோரு அடி நீளம் என்பது மட்டும் தெரியும். கை கழுவப் போகிற சாக்கில் குதிகாலையும் பெருவிரலையும் ஒட்டி ஒட்டி வைத்து அளந்துகொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து உலகம்மாள் மயினி உள்ளே வந்துவிட்டாள்.

"என்ன தேடுதிய?"

"செருப்பு" என்றேன்.

"அடுக்களையிலயா?" என்று கேட்டுவிட்டு, வாசலில் கிடந்த என் செருப்பை ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் மோரை எடுத்துக்கொண்டு போனாள். நல்ல மனுஷி.

கிளம்பும்போது சகலை சொன்னார்: "தம்பி, அடுத்த வீடு ஆனியில காலியாவுது. நடுச்சுவரு ஒண்ணுதான். அக்காளும் தங்கச்சியும் பேசிக்கிட்டுக் கெடப்பாங்க. நான் சொன்னா உங்களுக்குத் தருவாங்க."

வேறு யாராக இருந்தாலும் கும்பிட்டு வாங்கியிருப்பார்கள். எனக்கோ 'நான் சொன்னா' என்கிற இரண்டு வார்த்தைதான் காதில் விழுந்தது. இவர் சொல்லி எனக்கு வீடு. இவர் கிணற்றில் என் பெண்டாட்டி தண்ணீர் இறைக்க வேண்டும். "பாக்கலாம் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் விட்டதும் வீடு தேடுவதே வேலை. குத்துக்கல்வலசையில் ஒரு வீடு நன்றாக இருந்தது. அடுக்களை ஒன்பதடி. வேண்டாம் என்றேன். இலஞ்சி ரோட்டில் ஒன்று. ஊஞ்சல் மாட்ட உத்தரத்தில் வளையம் இல்லை. அதுவும் வேண்டாம். கடைசியில் பங்குனி மாசம் குற்றாலத்தில் அந்த வீட்டைப் பார்த்தேன்.

பங்குனியில் குற்றாலத்தைப் பார்த்திருக்கிறீர்களா? அருவி விழுகிற இடத்தில் பாறைதான் இருக்கும். கடைத்தெருவில் காக்கா உட்கார்ந்திருக்கும். அங்கே மலையடிவாரத்தில், பெரிய கூடமும் நாலு அறையும், பின்னால் விசாலமான புறவாசலுமாக ஒரு வீடு, சகலை வீட்டு வாடகையைவிடக் குறைவாகக் கிடைத்தது. அடுக்களை பதினாலடி. மூன்று தரம் அளந்தேன்.

வீட்டுக்காரர் வடகரையில் தென்னந்தோப்பு வைத்திருந்த மீரான் ராவுத்தர். ஒளிவுமறைவு இல்லாதவர். முன்கூட்டியே சொல்லிவிட்டார்: "வாத்தியாரே, சீசன்ல மலைத்தண்ணி புறவாசல் வழியா வரும். போறதுக்கும் வழி வச்சிருக்கு. சம்மதம்னா சாவியப் பிடிங்க."

இதில் என் காதில் விழுந்தது 'தண்ணி வரும்' என்பதுதான். அன்றைக்கே செண்பகத்துக்குக் கடிதம் எழுதினேன். 'உன் அக்காள் கிணற்றில் இறைக்கிறாள். நமக்குத் தண்ணீர் வீட்டுக்கே வரும்' என்று அடிக்கோடு போட்டு எழுதினேன். (ஆறாம் வகுப்புக்குத் தென்மேற்குப் பருவக்காற்று பாடத்தை அந்த வாரம்தான் நடத்தி முடித்திருந்தேன்.)

குற்றாலத்தில் யாரிடம் சொன்னாலும் "அந்த வீடா?" என்று இழுத்தார்கள். டீக்கடைக்காரர் இழுத்தார். பூக்காரம்மா இழுத்தாள். எல்லாருக்கும் பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

சித்திரையிலேயே குடிபோயிருக்கலாம். என் வயிற்றெரிச்சல் விடவில்லை. சகலை வீட்டுச் சுவர் வெறும் சுண்ணாம்பு. ஆகவே என் வீட்டுக்கு நீலம் கலந்து இரண்டு கோட் அடித்தேன். நீலம் கூடிப்போய், கூடத்தில் நின்றால் முகமெல்லாம் சீக்காளி மாதிரி தெரிந்தது. மறுபடி வெள்ளை அடித்தேன். அவர் ஊஞ்சல் ஐந்தடி என்று ஆறடியில் ஊஞ்சல் செய்யச் சொன்னேன். ஆசாரி வைகாசி பாதிவரை இழுத்தடித்துக் கொண்டுவந்து மாட்டினார். ஆட்டிப் பார்த்தால் இந்தப் பக்கம் சுவரில் இடித்தது, அந்தப் பக்கம் தூணில் இடித்தது. "ஆடாம உக்காந்தா நல்லாத்தான் இருக்கும் சார்" என்றார் ஆசாரி.

செண்பகத்திடமிருந்து ஒரு கடிதம் வந்தது. 'ஊஞ்சல் வேண்டாம். ஒரு பாயும் ஒரு பானையும் இருந்தால் போதும். எப்போது அழைத்துப் போகிறீர்கள்?' நான் பதிலுக்குப் புது ஊஞ்சலின் நீள அகலம் எழுதினேன். அந்தப் பெண் எப்படி என்னோடு குடித்தனம் நடத்த வந்தாள் என்று இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

வைகாசிக் கடைசியில் சகலை வீடு பார்க்க வந்தார். ஒவ்வோர் அறையாகக் காட்டினேன். அவர் முகம் சுருங்கும் என்று பார்த்தேன். அவரோ "நல்ல காத்தோட்டம், நல்ல வெளிச்சம்" என்று சந்தோஷப்பட்டுக்கொண்டே வந்தார். பொறாமைப்படவாவது தெரிய வேண்டாமா மனுஷனுக்கு?

புறவாசலுக்கு வந்தோம். மேற்கே மலைப்பக்கம் வெறும் முள்வேலி. மற்ற மூன்று பக்கமும் இடுப்புக்கு மேல் உயரமான மதில். கிழக்கு மதிலின் அடியில், ஓர் ஆள் தவழ்ந்து போகிற அளவுக்கு ஓட்டை. சகலை குனிந்து பார்த்தார். வேலியைப் பார்த்தார். மலையைப் பார்த்தார்.

"தம்பி, இந்த ஓட்டைய மட்டும் அடைச்சிராதிய. தண்ணி போறதுக்கு விட்டிருக்காங்க போல."

அந்த நிமிஷம்வரை அதை அடைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. சத்தியமாக. அவர் பஸ் ஏறின கையோடு கொத்தனாரைத் தேடிப் போனேன்.

"சார், நல்லா யோசிச்சிக்கிட்டியளா?" என்று கொத்தனார் இரண்டு தரம் கேட்டார்.

"நாய் வருது" என்றேன். கருங்கல் வைத்து சிமென்ட் போட்டுப் பூசிவிட்டார். மேலே ஒரு கோட் வெள்ளையும் அடித்தேன். ஓட்டை இருந்த இடமே தெரியவில்லை.

அந்த வருஷம் சீசன் தாமதம். ஆனி பிறந்தும் காற்றுதான் அடித்தது. முதல் வெள்ளிக்கிழமை பால்காய்ச்ச நாள் குறித்தார்கள். அன்றைக்குக் காலையில்தான் சாரல் தொடங்கியது. மலை முழுக்க மேகம் மூடிக் கிடந்தது. இலஞ்சியிலிருந்து வில்வண்டியில் மாமனாரும் மாமியாரும் செண்பகமும் வந்து இறங்கினார்கள். "சாரலோட வாரோம், நல்ல சகுனம்" என்றாள் மாமியார். சகலையும் மயினியும் பஸ்ஸில் வந்தார்கள். பஸ் வழக்கம்போல வாசலில் நின்றது.

மாமனாரை ஊஞ்சலில் உட்கார வைத்தேன். "ஆட வேண்டாம் மாமா, சும்மா இருங்க" என்று சொல்லிவிட்டு, "பெரிய வீடா இருக்கே" என்று அவர் சொல்வதற்காகக் காத்து நின்றேன். சொன்னார். "மூத்த மாப்ள வீட்ட விடப் பெரிசு" என்றும் சொன்னார். என் வாழ்க்கையில் அதற்கு நிகரான நிமிஷம் பிறகு வரவில்லை. அது நிமிஷக்கணக்கில்தான் இருந்தது.

பதினாலடி அடுக்களையில் செங்கல் அடுப்புக் கூட்டி, புதுப் பித்தளைப் பானையில் பாலை ஊற்றிச் செண்பகம் ஊதிக்கொண்டிருந்தாள். பின்பக்கம் ஒரு சத்தம் கேட்டது. தூரத்தில் லாரி வருகிற மாதிரி. ஓரத்தில் பால் நுரைக்க ஆரம்பித்தது. "பொங்கப் போவுது, வாங்க வாங்க" என்று மயினி கூப்பிட்டாள். எல்லாரும் அடுப்பைச் சுற்றிக் கூடிய நேரத்தில், புறவாசல் கதவுக்கு அடியிலிருந்து செம்மண் நிறத்தில் ஒரு கோடு நீண்டு வந்து என் பெருவிரலைத் தொட்டது.

கதவைத் திறந்தேன். திறந்திருக்கக் கூடாது. புறவாசல் குளமாகிக் கிடந்தது. குளம் அப்படியே உள்ளே வந்தது. அடுப்பு அணைந்தது. செங்கல் சரிந்தது. பானை மட்டும் கவிழவில்லை. பாலோடு மிதந்து, செண்பகத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, கூடத்தைப் பார்த்துப் போனது. அவள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதன் பின்னாலேயே போனாள்.

கூடத்தில் மாமனார் இரண்டு காலையும் ஊஞ்சலில் தூக்கி வைத்துக்கொண்டு, மடியில் சீராகக் கொண்டுவந்த அரிசிப் பானையை இறுக்கிப் பிடித்திருந்தார். தண்ணீர் பலகையைத் தொட ஒரு சாண்தான் பாக்கி. "இது எப்பமும் இப்படித்தானா மாப்ள?" என்று கேட்டார். குரலில் கோபமே இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்ட மாதிரிதான் இருந்தது.

"சீசன் தண்ணி மாமா. இப்ப வடிஞ்சிரும்."

சகலை காக்கிக் கால்சட்டையை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டு வந்தார். "தம்பி, அங்கன ஒரு ஓட்டை இருந்ததே?"

"அடைச்சாச்சு."

"யாரு?"

"கொத்தனாரு" என்றேன்.

அவர் வெளியே நடந்தார். பக்கத்து வீட்டுக்குப் போய்க் கடப்பாரை வாங்கி வந்தார். அதைக் கண்டதும் எனக்கு அந்த வெள்ளத்திலும் பொறுக்கவில்லை. என் வீட்டு ஓட்டையை இவர் உடைப்பதாவது. கடப்பாரையைப் பிடுங்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினேன். அடைத்த இடம் தெரியாமல் முதலில் நல்ல மதிலையே நாலு குத்துக் குத்தினேன். "கொஞ்சம் வலத்த, தம்பி" என்றார் சகலை. வலது பக்கம் குத்தினேன். கல் அசைந்தது. ஒரே இழுப்பாகத் தண்ணீர் ஓட்டை வழியே பாய்ந்தது. கூடவே என் இடுப்பிலிருந்த கல்யாணப் பட்டுவேட்டியும் போனது.

மதிலுக்கு வெளியே ரோடு. சீசன் பிறந்த செய்தி கேட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போகிற கூட்டம் அந்த வேட்டியைப் பார்த்தது. பிறகு மதிலுக்கு மேல் எட்டி என்னையும் பார்த்தது. நான் கோடுபோட்ட டவுசரோடு கடப்பாரையை ஊன்றி நின்றேன். "வேட்டி உங்களுதா?" என்று ஒருவர் மரியாதையாகக் கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டேன். சகலை தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து என் இடுப்பில் சுற்றிவிட்டார்.

கால்மணி நேரத்தில் தண்ணீர் வடிந்தது. வெள்ளைச் சுவரில் முழங்கால் உயரத்துக்குச் செம்மண் கோடு. எல்லாரும் வாசலில் ஒதுங்கி நின்றோம். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. செண்பகம் காலிப் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றாள். அழுகிறாள் என்று நினைத்தேன். நாலஞ்சு மாசம் காத்திருந்தவள்.

அப்போது அடுத்த பஸ்ஸில் மாமியாரின் தங்கச்சி வந்து இறங்கினாள். கொஞ்சம் காது மந்தம். கையில் வாழைப்பழச் சீப்பு. நாங்கள் நின்ற கோலத்தை அவள் சரியாகப் பார்க்கவில்லை. சிரித்த முகத்தோடு கேட்டாள்:

"என்ன, பால் பொங்கிட்டா?"

சகலைதான், டிக்கெட் கேட்கிற அதே நிதானமான குரலில் சொன்னார்:

"பால் பொங்கல அத்தை. வீடு பொங்கிட்டு."

முதலில் சிரித்தது செண்பகம். பானை கை நழுவி விழ, அப்படியே படியில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வழியச் சிரித்தாள். பிறகு மாமனார், மாமியார், மயினி. செண்பகம் அப்படிச் சிரித்து அதுவரை நான் கேட்டதில்லை. அந்தச் சிரிப்பு என் தமாஷுக்கு வரவில்லையே என்றுதான் அந்தத் துண்டோடு நின்றபோதும் எனக்கு இருந்தது.

அடுத்த புதன்கிழமை, ஒரு பாயோடும் ஒரு பானையோடும், சகலைக்கு அடுத்த வீட்டில் குடியேறினோம். அவர் சொல்லித்தான் தந்தார்கள். நடுச்சுவர் ஒன்றுதான். அந்த வீட்டில் ஒன்பது வருஷம் இருந்தோம்.

எங்கள் குடும்பத்தில் யார் வீட்டுப் பால்காய்ச்சு நடந்தாலும் யாராவது ஒருத்தர் வேண்டுமென்றே "பால் பொங்கிட்டா?" என்று கேட்பார்கள். எல்லார் கண்ணும் சகலையைத் தேடும். போன வருஷம் என் பேரன் மதுரையில் வீடு கட்டிக் குடிபோனான். இந்தத் தரம் நான் முந்திக்கொள்வதென்று முடிவு செய்து, பேத்தி கேட்டதும் உரக்கச் சொன்னேன்: "வீடு பொங்கிட்டு."

ஒருத்தரும் சிரிக்கவில்லை. "தாத்தா, அது பெரிய தாத்தா சொல்லணும்" என்றாள் பேத்தி. நாற்காலியில் உட்கார்ந்திருந்த சகலை, பல்செட்டைச் சரிசெய்துகொண்டு, மெதுவாகச் சொன்னார். வீடே அதிர்ந்தது. செண்பகம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவரு சொன்னாத்தான் நல்லாருக்கு" என்று என்னிடமே சொன்னாள்.