ரிலீஸ் லெட்டருக்கு ஒரு கையெழுத்து

அந்த வெள்ளிக்கிழமை காலை பல் தேய்க்கும்போது நான் ஒரு மகத்தான முடிவுக்கு வந்தேன். இன்றோடு 'தங்கக் கழுகு' நிறுவனத்தைத் தலை முழுகிவிட வேண்டியது. அதைவிட மகத்தான இன்னொரு முடிவும் எடுத்தேன். என் மனைவி ரோவீனாவுக்கு விஷயம் தெரியவே கூடாது.

என் பெயர் வெண்டல் டப்ஸ். டென்னசியில் பெல் ஃபோர்க் என்கிற சின்ன ஊரில் ஆயுள் காப்பீட்டு ஏஜென்ட். எட்டு மாத அனுபவம். அதற்கு முன்னால் பதினொரு வருஷம் மெத்தைக் கடையில் விற்பனையாளனாக இருந்தேன். மெத்தையில் ஒரு சௌகரியம் உண்டு. வாங்க வருகிறவர் தானே படுத்துப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடுவார். ஆயுள் காப்பீட்டில் அந்த வசதி கிடையாது.

எல்லாம் ராண்டல் என்கிற புண்ணியவானால் வந்த வினை. அவன்தான் என்னைச் சேர்த்துவிட்டவன், எனக்கு மேலே இருப்பவன். அவர்கள் பாஷையில் அப்லைன். இந்தத் தங்கக் கழுகு காப்பீட்டுக் கம்பெனி இல்லை. காப்பீட்டுக் கம்பெனிகளுக்கு ஏஜென்ட் பிடித்துத் தருகிற இடம். பிடிபட்ட ஏஜென்ட் வெளியே போய் இன்னும் நாலு பேரைப் பிடிக்க வேண்டும். முதல் நாள் ஒரு ஹோட்டல் ஹாலில் எங்களை நாற்காலி மேல் ஏற்றி, "நான் கழுகு! நான் கழுகு!" என்று கத்தச் சொன்னார்கள். கத்தினேன். நன்றாகவே கத்தினேன். அடுத்த நாளே மெத்தைக் கடை வேலையை விட்டேன்.

ரோவீனா அன்றைக்கே கறாராகச் சொல்லிவிட்டாள்.

"ஒரு வருஷம் பாக்கறேன். நடுவுல விட்டுட்டு வீட்ல உக்காந்தீங்கன்னா, மறுநாளே எங்கப்பா லாரியில ஏறிடணும்."

என் மாமனார் செப்டிக் டேங்க் சுத்தம் செய்கிறவர். சொந்த லாரி. குழாயின் மறுமுனையைப் பிடிக்க நம்பிக்கையான ஆள் தேடிக்கொண்டிருக்கிறார். கல்யாணத்தன்றே என் கையைப் பிடித்துப் பார்த்து, "நல்ல பிடி" என்றவர் அவர்.

ஏஜென்ட் ஆனதும் முதல் வேலை, தெரிந்த நூறு பேரின் பெயரை எழுதுவது. எழுதினேன். நூறு பேரையும் போய்ப் பார்த்தேன். இரண்டே மாதத்தில் ஊரில் என்னைக் கண்டால் எதிர்ப் பிளாட்பாரத்துக்குத் தாவ ஆரம்பித்தார்கள். சர்ச்சில் எனக்கு ஒரு முழு பெஞ்சு. நவம்பரில் நன்றித் திருநாள் விருந்துக்கு வந்த என் மச்சான், என்னைப் பார்த்ததும் பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டவன், கடைசியில் பூசணிக்காய் இனிப்பு பரிமாறும்போதுதான் வெளியே வந்தான்.

போதாக்குறைக்கு 'வெள்ளிக் கழுகு' பட்டத்துக்கு எனக்குக் கீழே மூன்று பேர் வேண்டும் என்றான் ராண்டல். இரண்டு பேர்தான் தேறினார்கள். ரோவீனாவிடம் குழைந்தேன்.

"சும்மா பேருக்குத்தான் ரோவீனா. நீ ஒண்ணும் செய்ய வேணாம்."

"லைசென்ஸ் பரீட்சை எழுதணுமே?"

"எழுது. ஃபெயில் ஆனா நான் ஒண்ணும் தப்பா நெனைக்க மாட்டேன்."

முதல் தடவையே பாஸ் செய்தாள். நான் மூன்றாவது தடவை பாஸ் செய்தவன். அவளுக்குக் கேள்வித்தாள் சுலபமாக வந்துவிட்டது.

இந்த லட்சணத்தில்தான் பக்கத்து ஊர் ஏஜென்சி ஒன்று என்னைக் கூப்பிட்டது. அங்கே நாற்காலி மேல் ஏற வேண்டாம். ஆள் பிடிக்க வேண்டாம். "உடனே சேந்துக்குங்க, ரிலீஸ் லெட்டர் மட்டும் கொண்டாங்க" என்றார்கள். அங்கேதான் முடிச்சு. இந்தத் தொழிலில் ஓர் இடத்தை விட்டு இன்னோர் இடம் போக வேண்டுமானால், அப்லைன் கையெழுத்துப் போட்டு நம்மை விடுவிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆறு மாதம் புதுப் பாலிசி எதுவும் போட முடியாது. ஆறு மாதம் சும்மா இருந்தால்? லாரி. குழாய். நல்ல பிடி.

கேட்டவுடன் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க ராண்டல் என்ன இளிச்சவாயனா? எனக்கு மூளை வேலை செய்தது. நானாகக் கேட்கக் கூடாது. அவனாக வெறுத்துப்போய் விரட்டி அடிக்க வேண்டும். அதற்கு ஊர் முழுக்க என்மேல் புகார் குவிய வேண்டும்.

ஒரு மாதம் பாடுபட்டேன். முடி வெட்டும் ஓட்டிஸ் கடையில் போய் உட்கார்ந்து, "உங்க சவப்பெட்டி என்ன கலர்ல இருந்தா நல்லாருக்கும்?" என்று விசாரித்தேன். ஹாஸ்கல் அம்மாள் வீட்டில் மாடிப்படியை நிமிர்ந்து பார்த்து, "இதுல இதுவரைக்கும் யாரும் விழலையா? ஆச்சரியம்தான்" என்றேன். பல் டாக்டரிடம், அவர் என் வாய்க்குள் கையை விட்டிருந்தபோதே, "என்ன டாக்டர், கை நடுங்குது?" என்றேன். எல்லா இடத்திலும் கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறை. பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்கு வருவேன்.

ரோவீனாவும் தினமும் அக்கறையாகக் கேட்பாள்.

"இன்னிக்கு யார் வீட்டுக்குப் போனீங்க?"

"ஹாஸ்கல் அம்மா."

"என்ன சொன்னீங்க?"

"படிக்கட்டைப் பத்தி."

"பயந்துட்டாங்களா?"

"நல்லாவே."

"ம்ம்" என்று அடுக்களைக்குப் போய்விடுவாள். அந்த மாதம் முழுக்க வீட்டில் ஒரே வாழைப்பழ புட்டிங் வாசனை. தட்டுத் தட்டாகச் செய்து, மூடி எடுத்துக்கொண்டு எங்கேயோ போய்க்கொண்டிருந்தாள். சர்ச் விருந்து என்று நினைத்தேன். எனக்கு ஒரு ஸ்பூன்கூடக் கிடைக்கவில்லை.

ஒரு மாதம் ஆகியும் ராண்டலிடமிருந்து ஒரு திட்டுகூட வரவில்லை. அதற்கு மேல் எனக்குப் பொறுமை இல்லை. அந்த வெள்ளிக்கிழமை பல் தேய்த்த கையோடு கார் ஷெட்டுக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டு தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள்.

"ராண்டலா? அவரு போயி மூணு வாரமாச்சே சார்!"

"போயிட்டானா? அவனுக்கு யாரு ரிலீஸ் லெட்டர் குடுத்தா?"

"யாரும் குடுக்கல. ஆறு மாசம் அவருக்கும் சும்மாதான். உங்க ஊர்லயே ஏதோ மெத்தைக் கடையில ஆள் எடுத்தாங்களாம், சேந்துட்டாரு."

என் நாற்காலி! நான் அடைகாத்த நாற்காலி! வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

"சரிம்மா, இப்ப என் லெட்டர்ல யாரு கையெழுத்துப் போடுவாங்க?"

"அப்லைன் போயிட்டா, அந்த டீம்ல யாரு அதிகமா பாலிசி போட்டாங்களோ அவங்கதான் புது அப்லைன். அது இங்க ரூல் சார். இருங்க, பாத்துச் சொல்றேன்... அட, உங்க ஊர்தான்."

"அப்படியா! நல்லதாப் போச்சு."

"உங்க தெருதான் சார்."

"எங்க தெருவுலயா? யாரது?"

விலாசத்தை இன்னொரு தடவை முணுமுணுத்துப் படித்தாள்.

"சார்... உங்க வீடுதான்."

அடுக்களைக்குப் போனேன். ரோவீனா வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தாள். மேஜைமேல் போன். அதில் தலைமை அலுவலகத்திலிருந்து அப்போதுதான் வந்த செய்தி.

"ரிலீஸ் லெட்டர் கேட்டீங்களாமே?" என்றாள், பழத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நீ... நீ எப்படி ரோவீனா? உன்கிட்ட யாரு பாலிசி எடுத்தா?"

"ஓட்டிஸ் எடுத்தாரு. ஹாஸ்கல் அம்மா எடுத்தாங்க. பல் டாக்டர் ரெண்டு எடுத்தாரு. மாசா மாசம் ரிப்போர்ட் வருதே, நீங்க பாக்கறதே இல்லையா?"

எதற்குப் பார்ப்பது? என் பெயருக்கு நேரே முட்டைதான் இருக்கும்.

"அவங்க எல்லாரும் என் லிஸ்ட் ஆளுங்க!"

"ஆமா. எனக்கு ஏதுங்க தனியா லிஸ்ட்? நீங்க பேசிட்டு வந்த மறுநாள் புட்டிங்கைத் தூக்கிட்டுப் போவேன். 'எங்க வீட்டுக்காரரு பேசினதை மனசுல வெச்சுக்காதீங்க'ன்னு மன்னிப்புக் கேப்பேன். உள்ள வந்து உக்காரும்மாம்பாங்க. ராத்திரியெல்லாம் தூக்கமே வரலம்பாங்க. ஒரு வாய் சாப்பிட்டுட்டு, 'ஆனா அந்த ஆளு சொன்னதுலயும் விஷயம் இருக்கும்மா, ஃபாரம் வெச்சிருக்கியா?'ம்பாங்க."

நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன்.

"முன்னெல்லாம் வாரத்துக்கு ஒண்ணுதான் தேறும்" என்றாள். "இந்த ஒரு மாசமா என்னமோ பிரமாதமாப் பேசறீங்க. தினம் ஒண்ணு."

மானம் போனால் போகிறது. மேஜையில் இருந்த பேனாவை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினேன்.

"ரோவீனா, உன் கால்ல வேணா விழறேன். ஒரே ஒரு கையெழுத்து. அந்த ஏஜென்சில நான் நிம்மதியா இருப்பேன். சத்தியமா இந்தக் கழுகு வேலை எனக்குப் பிடிக்கலடி."

கையைத் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினாள். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பார்வையில் பரிதாபம்கூட இருந்தது.

"நீங்க போயிட்டா, நான் யாருக்காக மன்னிப்புக் கேட்டு எந்த வீட்டுக்குள்ள போறது?" என்றாள். "வேணும்னா சொல்லுங்க, அப்பா லாரி இப்பத்தான் கிளம்பிட்டிருக்கு."

லாரி வேண்டாம் என்று தலையாட்டினேன்.

என் நூறு பேர் லிஸ்டை டிராயரிலிருந்து எடுத்தாள். ஒரு பெயரைப் பேனாவால் வட்டமிட்டாள்.

"திங்கக்கிழமை பாஸ்டர் வீடு. அந்த சவப்பெட்டி கலரையே கேளுங்க. அதுதான் நல்லா வேலை செய்யுது."

"சரி" என்றேன். புட்டிங்கில் எனக்கு ஒரு ஸ்பூன் கிடைக்குமா என்று கேட்டேன்.

அது கஸ்டமர்களுக்கு மட்டுமாம்.