இன்னிக்கும் கீறோம்

இராயபுரம்,
செவ்வாய்க்கிழமை சாயங்காலம்.

மதிப்புக்கும் பாசத்துக்கும் உரிய மாப்பிள்ளை ஆண்ட்ரூ அவர்களுக்கு, மாமனார் இக்னேஷியஸ் எழுதிக்கொள்வது. இராயப்பர் புண்ணியத்தில் நானும் உங்கள் மாமியார் ஐரீனும் நலம். என் மகள் ரேச்சலின் நலமறிய ஆவல். உங்கள் நலமறியவும் ஆவலாகத்தான் இருந்தேன், நேற்று மதியம் வரைக்கும்.

நேற்று மதியம் என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன். நம் ஏரியா வானொலி நிலையத்தில் நிகழ்ச்சிகளைப் பார்த்துக்கொள்ளும் செங்கொடி என்கிற பெண் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, மோர் கொடுத்தது. மோர் கொடுத்தபோதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அந்த நிலையத்தில் சும்மா யாரும் யாருக்கும் மோர் கொடுப்பதில்லை. "அங்கிள், நம்ம ஸ்டேஷன் கமிட்டில பயப்புட்றாங்க. எழுபது தாண்டினவங்க மைக் முன்னாடி ஒக்காரணும்னா வூட்டு மனுசாள் ஒருத்தர் சம்மதம் சொல்லணுமாம். ஆன்ட்டி சொன்னா போதாது, அடுத்த தலமொறை ஆளு வேணுமாம். அதான் ரேச்சல் அக்கா நம்பருக்குப் போட்டேன். உங்க மாப்ள எடுத்தாரு. வேணாம், நிறுத்திடுங்கன்னுட்டாரு" என்றது. மோரைக் கீழே வைத்துவிட்டேன். வியாழக்கிழமை கமிட்டி கூடுகிறது. உங்கள் ஒரு வார்த்தையால் அன்றோடு என் காலை நிகழ்ச்சிக்கு மூடுவிழா.

மாப்பிள்ளை, நான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன். அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்து, கீழே நிற்கிறவன் தலைக்கு மேலே டன் கணக்கில் இரும்பைத் தூக்கிக்கொண்டு போனபோது வீட்டிலிருந்து யார் சம்மதமும் யாரும் கேட்கவில்லை. இன்றைக்கு வாயைத் திறக்க நான் பெண்ணைக் கொடுத்த வீட்டில் சம்மதம் வாங்க வேண்டுமாம். இது எனக்கு வலிக்கிறது. மூட்டு வலி இதற்குக் கிட்டவே வராது.

நீங்கள் அந்த நிகழ்ச்சியை ஒரு நாளாவது முழுசாகக் கேட்டிருந்தால் இப்படிச் சொல்லியிருக்க மாட்டீர்கள். முழுசாகக் கேட்காதவருக்காகச் சொல்கிறேன். காலைச் செய்தி முடிந்ததும் நானும் என் தோஸ்து ஜஹாங்கீரும் உட்காருவோம். ஜஹாங்கீர் வண்ணாரப்பேட்டையில் துணிக்கடை வைத்திருந்தவன், இப்போது கடையைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு என்னோடு வம்பளக்கிறான். முதலில் மறைவுச் செய்தி. ஏரியாவில் யார் காலமானார்கள், அடக்கம் எங்கே, எத்தனை மணிக்கு என்று மரியாதையாகப் படிப்பேன். ஒவ்வொரு பெயருக்கும் ஜஹாங்கீர் ஒரு பொத்தானை அழுத்த, பதிவு செய்து வைத்திருக்கும் நம் இராயப்பர் கோவில் துக்க மணி, விட்டு விட்டு அடிக்கிற அந்த மெதுவான மணி, ஒலிக்கும். அதில் நான் விளையாடுவதே இல்லை. அது முடிந்ததும் இன்னொரு பொத்தானில் திருவிழா மணி, கணகணவென்று. உடனே ஜஹாங்கீர், "செத்தவங்கள சொல்லியாச்சி, சாவாதவங்கள யார்பா சொல்றது" என்பான். அப்புறம்தான் எங்கள் பகுதி, 'இன்னிக்கும் கீறோம்', அதாவது இன்றைக்கும் உயிரோடு இருக்கிறோம்.

அறுபது தாண்டிய யார் வேண்டுமானாலும் விடியற்காலையில் நிலையத்துக்குப் போன் போட்டுப் பெயர், வயது, ஊர், உலகத்தின் மேல் ஒரே ஒரு குறை, இவ்வளவும் சொல்லலாம். ஜஹாங்கீர் துண்டுச்சீட்டில் எழுதுவான், நான் படிப்பேன். "தண்டையார்பேட்டை ஃபிர்தௌஸ், அறுபத்தொம்போது, கீறாங்க. வூட்டு மாடிப்படி வருசா வருசம் ஜாஸ்தி ஆயிகினே போவுதாம், இத்த யாரும் கேக்கறதில்லையான்னு கேக்கறாங்க." "யானைக்கவுனி கமால், எழுபத்திமூணு, கீறாரு. பாலம் கட்டி முடிக்கறதுக்குள்ள இவுரு போய்டுவாருன்னு பொண்டாட்டி பந்தயம் கட்டிகினு இருந்துச்சாம். பாலம் தொறந்துட்சி, இவுரும் கீறாரு, அந்தம்மாதான் பேஜாராயிட்சி." நடுநடுவே நாட்டு நடப்பு. நிலாவில் தண்ணீர் இருக்கிறது என்று செய்தி வந்தால், அங்கே வருவது லாரித் தண்ணியா மெட்ரோ தண்ணியா என்று கேட்போம். கம்ப்யூட்டர் வந்து எல்லார் வேலையையும் வாங்கிக்கொள்ளும் என்றால், கூடவே என் சுகரையும் வாங்கிக்கொள்ளச் சொல் என்போம். தங்கம் விலை ஏறிய அன்று, எங்கள் வீட்டில் இருக்கும் ஒரே தங்கம் என் கடைவாய்ப் பல்தான், ஐரீன் என்னைக் கொட்டாவி விடச் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள் என்றேன். அன்று உங்கள் மாமியார் எனக்குக் குழம்பு ஊற்றவில்லை, ரசம்தான். அதையும் மறுநாள் ரேடியோவில் சொன்னேன்.

ரோட்டுத் தூசியைப் பற்றி நான் சொன்னதுதான் உங்களுக்கு ஆகவில்லை என்று தெரியும். "காட்டுப்பள்ளி துறைமுகத்துக்கு ஏசி கார்ல போற ஆபீசருங்களே, ஒரு தபா கண்ணாடிய எறக்கி மூச்ச இழுத்துப் பாருங்க, எங்க பங்க நீங்களும் கொஞ்சம் வாங்கிக்கங்க" என்றேன். அப்படி ஒரு காரில் உங்கள் மேலதிகாரி ரேடியோவில் அதைக் கேட்டுக்கொண்டே போனார் என்று எனக்கு எப்படித் தெரியும்? பக்கத்தில் நீங்களும் இருந்தீர்கள் என்று ரேச்சல் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அதற்காக ஒரு மனுஷனின் மைக்கைப் பிடுங்கலாமா?

இல்லை, வேதமாணிக்கம் விஷயம்தான் காரணம் என்று சொல்வீர்கள். சரி, அதையும் என் வாயாலேயே கேளுங்கள், ஏரியாவில் அதற்குக் கை கால் வைத்துவிட்டார்கள். முகத்துவாரக்குப்பம் வேதமாணிக்கம் எழுபத்தாறு வயதிலும் முகத்துவாரத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று இறால் பிடிக்கிறவர். நாள் தவறாமல் போன் போடுவார். ஒருநாள் அவருடைய புதுப் பல்செட்டைப் பற்றி, "அவுரு சிரிச்சா இறாலு பயந்துகினு தானா வலைக்குள்ள ஓடுது" என்று ஒரு வார்த்தை விட்டேன். கோபித்துக்கொண்டார். மறுநாள் போன் இல்லை. துண்டுச்சீட்டு எல்லாம் படித்து முடித்துவிட்டு, "முகத்துவாரக்குப்பம் வேதமாணிக்கம்" என்று ஆரம்பித்தேன், அவரை இன்று காணோமே என்று சொல்ல வாய் எடுத்தேன். அதற்குள் ஜஹாங்கீர், நிகழ்ச்சியை முடிக்கிற திருவிழா மணி என்று நினைத்து, பொத்தானை அழுத்திவிட்டான். இரண்டு பொத்தான்கள், பக்கத்தில் பக்கத்தில். கண்ணாடி போட்டால் கிழவன் மாதிரி இருக்கும் என்று போடமாட்டான், வயது எழுபத்திரண்டு. வேதமாணிக்கம் பெயருக்குப் பின்னால் துக்க மணி மெதுவாக அடித்தது. அதிர்ச்சியில் எனக்குப் பேச்சு வரவில்லை. அந்த மௌனத்தைக் குப்பத்தில் எல்லாரும் என் துக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். அதோடு நேரம் முடிந்து, பாட்டுப் போட்டுவிட்டார்கள்.

அவர் அப்போது தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். உடம்பு கடலில் தேடப்படுகிறது என்று யாரோ சொல்ல, மற்றதெல்லாம் தானாக நடந்தது. நம் பக்கத்து ஜனங்கள் கல்யாணத்துக்கு லேட்டாக வருவார்கள், சாவுக்கு மட்டும் சொல்வதற்கு முன்பே வந்து நிற்பார்கள். மனுஷன் கூடையும் கையுமாகத் திரும்பி வந்தபோது வாசலில் ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி, ஐஸ் பெட்டி, பறை அடிக்கிற பசங்கள், தெருமுனையில் கூலிங் கிளாஸ் போட்ட அவர் படத்தோடு கண்ணீர் அஞ்சலி பேனர். அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அந்தப் பேனரைப் படித்திருக்கிறார். 'வயது 80' என்று போட்டிருந்தது. "செத்தேன்னு போட்டீங்க, பரவால்ல. எண்பதுன்னு எவன்டா போட்டான்" என்று அவர் போட்ட சத்தத்தில்தான் ஆள் உயிரோடு இருப்பது எல்லாருக்கும் தெரிந்தது. வந்த கூட்டத்தை வெறும் வாயோடு அனுப்பவில்லை, எல்லாருக்கும் டீ. அவரும் ஐஸ் பெட்டி மேல் கிளாஸை வைத்துக்கொண்டு, தன்னைப் பற்றி யார் யார் நல்ல மாதிரி பேசினார்கள் என்று கேட்டுக் கேட்டுக் குடித்திருக்கிறார்.

மறுநாள் முதல் போன் அவருடையதுதான். "முகத்துவாரக்குப்பம் வேதமாணிக்கம், எழுபத்தாறு, எண்பது இல்ல. கீறேன். உலகத்துல ஒரு கொறையும் இல்ல நைனா, நேத்து என் சாவுக்கு எம்மாம் ஜனம்." இதில் யாருக்கு என்ன நஷ்டம்? ஆனால் அவர் மகன் அந்தப் பேனரைக் கையோடு தூக்கிக்கொண்டு கமிட்டியிடம் போய்விட்டார். கமிட்டி பயந்தது. எங்களை மதியத்துக்கு மாற்றப் பார்த்தார்கள். புல்லாங்குழல் பின்னணியில், மெதுவான குரலில், மூட்டுத் தைலம் எப்படித் தேய்ப்பது என்று சொல்ல வேண்டுமாம். முடியாது என்றேன். அப்போதுதான் இந்தச் சம்மதச் சட்டம் பிறந்தது.

உங்கள் யோசனை எல்லாம் எனக்குத் தெரியும். அண்ணா நகரில் நான்காவது மாடி, லிப்ட் இருக்கிறது, கீழே பெரியவர்கள் நடைக் குழு இருக்கிறது, வந்து நிம்மதியாக இருங்கள் என்கிறீர்கள். அந்த நடைக் குழுவை நான் பார்த்தேன் மாப்பிள்ளை. கட்டடத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறார்கள், எங்கேயும் போய்ச் சேருவதில்லை. தினம் தினம் அதையே சொல்லப் போன் போடுகிறீர்கள். அதனால்தான் நான் எடுப்பதில்லை, இதை மறைக்கவும் இல்லை. அதற்கப்புறம் பனித்துளி போட்ட ரோஜாப்பூ படம் அனுப்பி, 'மாமா, பதிலுக்கு ஒரு பூ மட்டும் அனுப்பினால் போதும்' என்று எழுதுகிறீர்கள். பூ அனுப்பி உயிரோடு இருப்பதைக் காட்டிக்கொள்கிற ஆள் நான் இல்லை. எனக்குத் தொண்டை இருக்கிறது.

இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள். ரிட்டையர் ஆன பிறகு என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைந்துபோனார்கள். ஆஸ்பத்திரியில் டோக்கன் நம்பர், பேங்கில் டோக்கன் நம்பர், பஸ்ஸில் "பெர்சு, உள்ள போ". எங்களுக்குப் போன் போடுகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான். பேனரில் வருவதற்கு முன்னால் ஒரு தடவையாவது தங்கள் பெயரைத் தாங்களே காதால் கேட்க வேண்டும் என்று விடியும் முன்பே எழுந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அதை எடுத்துவிட்டுப் புல்லாங்குழல் வைத்தால் எனக்குக் கோபம் வரும், வந்துவிட்டது.

ஆகவே, நாற்பதைத் தாண்டி இரண்டு வருஷம்கூட ஆகாத உங்களுக்கு இதில் பேச எந்தத் தகுதியும் இல்லை, உங்கள் சம்மதமும் எனக்கு வேண்டாம். வியாழக்கிழமை கமிட்டி மைக்கைப் பிடுங்கினால் கல்மண்டபம் சிக்னலில் நின்று பேசுவேன். லாரிக்காரர்கள் எப்படியும் நகரப் போவதில்லை, உட்கார்ந்து கேட்பார்கள். இனி நீங்கள் போன் போட வேண்டாம், பூ அனுப்ப வேண்டாம், கிறிஸ்துமஸுக்குக் கேக் மட்டும் ரேச்சலிடம் கொடுத்தனுப்பினால் போதும்.

கடவுள் உங்களுக்கு நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும். எழுபது தாண்டி, உங்களுக்கும் ஒரு மாப்பிள்ளை வந்து சேரட்டும். ரேச்சலுக்கு என் முத்தம். உங்களுக்கு ஆசீர்வாதம், அதுவும் வழக்கத்துக்காக.

இப்படிக்கு,
யார் சம்மதமும் இல்லாமல் இன்றும் இருக்கிற,
அ. இக்னேஷியஸ்

பின்குறிப்பு: மேலே உள்ளதை நேற்றே எழுதி முடித்தேன், தபாலில் போட நேரமாகிவிட்டது, இன்று ஆள் மூலம் கையோடு கொடுத்தனுப்புகிறேன். இன்று காலை வழக்கம்போல ஜஹாங்கீர் துண்டுச்சீட்டை நீட்டினான், நானும் வழக்கம்போல முன்கூட்டிப் பார்க்காமல் படித்தேன். "அண்ணா நகர் ஆண்ட்ரூ, நாப்பத்தொண்ணு, கீறாரு. மாமனாரு போன் எடுக்கறதே இல்லையாம். பூ அனுப்புனா பதிலும் இல்லையாம். தெனம் காலைல ரேடியோல அவுரு கொரல் வந்தாதான் வூட்ல சம்சாரம் அடுப்பு பத்த வெக்கிதாம். அவுரு கீறாரான்னு தெரிஞ்சுக்க வேற வழி இல்லாததால நிகழ்ச்சிய நிறுத்த வேணாமாம், கோவத்துல சொன்னத வாபஸ் வாங்கிக்கறாராம்." பாதியில்தான் எந்த ஆண்ட்ரூ என்று எனக்கு உறைத்தது. குரல் கம்மிவிட்டது. செங்கொடி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கட்டைவிரலைக் காட்டியது. அறுபது வயது விதியை உங்களுக்காக மட்டும் தளர்த்தியிருக்கிறோம்.

ஒரே ஒரு சங்கடம். என் குரல் கம்மியதைப் பார்த்து ஜஹாங்கீர் பதறிப்போய் மணியை அழுத்திவிட்டான். மெதுவான மணி. உங்கள் அபார்ட்மெண்ட் வாசலில் ஷாமியானாக்காரர் வந்து நின்றால் செக்யூரிட்டியைத் திட்டச் சொல்லாதீர்கள், வந்தவர்களுக்கு ஒரு டீ கொடுங்கள். நாளைக் காலையில் மறுபடி நிலையத்துக்குப் போன் போட்டு, பெயரும் வயதும் சொல்லி, இருக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் மாப்பிள்ளை. போனை நானே எடுக்கிறேன்.