மீட்டர் சொன்ன நான்கு பொய்கள்

பெங்களூரிலேயே பொய் சொல்லத் தெரியாத ஒரே மனிதர் ஸ்ரீராம்புரத்தில் எங்கள் தெருவில்தான் இருந்தார். அவர் சொன்ன நான்கு பொய்களால்தான் எனக்குக் கல்யாணம் நடந்தது.

வீடு வீடாகப் போய்க் கரண்டு மீட்டர் பார்த்து எழுதுகிற வேலை. தெருவே அவரை மீட்டர் என்றுதான் கூப்பிட்டது. அவருக்கு ஆட்களின் பெயர் நினைவில் நிற்காது, மீட்டர் எண் நிற்கும். "இன்னாம்மா நாலு ஆறு ரெண்டு ஏழு, சௌக்கியமா?" என்பார். அந்த அம்மாளும் சௌக்கியம் என்பார். சர்ச் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா டீச்சர் கேக் கொடுத்து, "எப்படிப்பா இருக்கு?" என்று கேட்டால், "போன வருஷம் நல்லா இருந்துச்சு" என்பார். டீச்சர் ஒரு வாரம் பேசமாட்டார்.

தொண்ணூற்றாறில் திருவண்ணாமலையிலிருந்து வேலைக்கு வந்து, இவருக்குப் பக்கத்து அறையில் நான் குடியேறினேன். விடிந்ததும் கம்பெனி பஸ், திரும்பும்போது இருட்டு. மீட்டரைத் தவிர ஒரு ஈ காக்கைக்கும் என்னைத் தெரியாது. ஆறு வாரம் கழித்து அம்மா போன் செய்தாள்.

"பொண்ணோட மாமா ஞாயித்துக்கெழம அங்க வர்றாராம்டா. மொதல்ல தெருவுலதான் விசாரிப்பாரு. அதுக்கப்புறந்தான் முடிவு."

பெண்ணின் போட்டோவைச் சவரக் கண்ணாடியில் செருகி வைத்து, தினமும் இரண்டு இடத்தில் வெட்டிக்கொண்டிருந்தவன் நான். மீட்டரிடம் ஓடினேன்.

"உன்ன ஒருத்தனுக்கும் தெரியாதுன்றது நெசம் தம்பி. நெசத்தச் சொன்னா கல்யாணம் நடக்காது. சட்டையப் போடு."

சனிக்கிழமை என்னைத் தெருமுழுக்க இழுத்துக்கொண்டு போனார். மாரியம்மன் கோயில் பூசாரியிடம், "தம்பி வெள்ளிக்கெழம ஆனா பச்சத் தண்ணி பல்லுல படாத விரதம்" என்றார். அவருக்கு நெற்றியெல்லாம் வியர்வை. பூசாரியின் முகத்தைப் பார்க்க முடியாமல் சுவரிலிருந்த மீட்டரைப் பார்த்தே சொன்னார்.

பத்துக் கடை தள்ளி பாயின் பிரியாணிக் கடை. அங்கேயும் மீட்டரைப் பார்த்துக்கொண்டு, "தம்பிக்கு வெள்ளிக்கெழம ஆனா உங்க பிரியாணிதான் பாய். நான் வாங்கிம்போற பார்சலு இவருக்குத்தான்" என்றார். பாய் என்னைக் கட்டிப்பிடித்து ஒரு துண்டு கறி ஊட்டினார். நான் மீட்டரின் காலை மிதித்திருக்க வேண்டும், மிதிக்கவில்லை.

ஸ்டெல்லா டீச்சரிடம், நான் அருமையாகப் பாடுவதாகவும் கிறிஸ்துமஸுக்குப் பாட வரப்போவதாகவும் சொன்னார். கடைசியாகக் கன்னட வாசகசாலை. அதை நடத்தும் கௌடரிடம், நான் தினமும் கன்னடப் பேப்பர் படிப்பதாகச் சொல்லிவிட்டார். கௌடர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, "கன்னட கொத்தா?" என்று, கன்னடம் தெரியுமா என என்னைக் கேட்டார். "ஸ்வல்ப ஸ்வல்ப" என்றேன். 'கொஞ்சம்' என்கிற அந்த ஒரு வார்த்தைதான் கன்னடத்தில் என் கையிருப்பு.

மறுநாள் மாமா வந்தார். வெள்ளை வேட்டி, கக்கத்தில் குடை. ஜன்னல் வழியாக நானும் மீட்டரும் பார்த்துக்கொண்டிருந்தோம். கோயில், கடை, டீச்சர் வீடு, வாசகசாலை என்று ஒன்று விடாமல் நுழைந்து வந்தார். பாய் கடையிலிருந்து ஏப்பம் விட்டபடி வெளியே வந்தார். இரண்டு மணி நேரம் கழித்து மாடியேறி என் அறைக்கே வந்து உட்கார்ந்தார்.

"தம்பி, வெள்ளிக்கெழம நீங்க விரதமா, பிரியாணியா?"

நான் மீட்டர் பக்கம் திரும்பினேன். முன்னே பின்னே பொய் சொல்லிப் பழகியிருந்தால், இரண்டுக்கும் ஒரே கிழமையை வைப்பாரா இந்த மனிதர்?

"நாலு பேர்கிட்ட கேட்டேன். ஒருத்தருக்கும் உங்களத் தெரியல. ஆனா நாலு பேரும் ஒண்ணு சொன்னாங்க. 'மீட்டர் சொன்னாரு, மீட்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும்.' யாரு அந்த மீட்டர்?"

மீட்டர் எழுந்து நின்றார்.

"நீங்களே சொல்லுங்க. பையன் எப்படி?"

அவர் பார்வை கதவுக்கு மேலிருந்த மீட்டருக்குப் போனது. போச்சு, ஐந்தாவது பொய் வருகிறது என்று நினைத்தேன். பிறகு என்ன தோன்றியதோ, கண்ணை இறக்கி மாமாவின் முகத்தைப் பார்த்தார்.

"பாட வராது. கன்னடம் தெரியாது. கோயிலுக்குப் போயி நான் பாத்ததில்ல. பிரியாணிப் பார்சல் நான் துண்றது." நான் போட்டோவைப் பார்த்து மனதுக்குள் விடைபெற்றுக்கொண்டேன். "போன மாசம் எனக்கு ஜொரம். பேர்கூடத் தெரியாது இவருக்கு, மூணு நாளு லீவு போட்டுட்டு கூடவே குந்திக்கினு கஞ்சி வெச்சுக் குடுத்தாரு." கொஞ்சம் யோசித்துவிட்டு, "கஞ்சி நல்லா இல்ல" என்றார்.

மாமா குடை கீழே விழும்படி சிரித்தார். "இது போதும்ங்க. அடுத்த மாசம் தட்ட மாத்திக்கலாம்."

கல்யாணத்துக்கு வந்த மீட்டர், சாம்பாரில் உப்பு கம்மி என்று மாமாவிடமே சொல்லிவிட்டுப் போனார். அடுத்த ஆண்டு அவரைச் சந்தாபுரா பக்கம் மாற்றிவிட்டார்கள். அறையைக் காலி செய்யும் அன்றைக்கு நாலு ஆறு ரெண்டு ஏழு அழுததைப் பார்த்தேன். நானும் அழுதேன்.

நான் அதே தெருவில்தான் இருக்கிறேன். கௌடரின் வாசகசாலையில் கன்னடப் பேப்பரை எழுத்துக்கூட்டிப் படித்து முடிக்கிறேன். கிறிஸ்துமஸுக்குப் பாடகர்களின் கடைசி வரிசையில் நின்று வாயை மட்டும் அசைக்கிறேன். வெள்ளிக்கிழமை மதியம் வரை விரதம், அதற்குமேல் பாய் கடைப் பிரியாணி. "ஏங்க இந்தக் கூத்து?" என்று என் மனைவி சிரிக்கிறாள். என்ன செய்வது, என் மீட்டர் அண்ணனை ஒரு பொய்யராக விட்டுவைக்க எனக்கு மனசு வரவில்லை.