மருமகன் அனுப்பிய டேப்பும் மாமன் தலைப்பாவும்

அய்யா உண்டு.

மஸ்கட்டில் நாலுபேர் மெச்ச வாழ்ந்துவரும் எங்கள் மருமகன் அனில்குமார் அவர்களுக்கு, மாமன் சுயம்புராஜ் சொல்லி எழுதும் கடிதம். உங்கள் அத்தை முத்துக்கனிக்கு முட்டுவலி தவிர வேறு குறை இல்லை. எனக்கு அதுவும் இல்லை. சிவப்பிப் பசு ஆவணி முதல் வாரம் கிடாரிக்கன்று போட்டது. மகள் சுனிதாவும் பேத்தி ஆதிராவும் சுகமாக இருப்பார்கள் என்று நம்புகிறோம். நம்பவேண்டிய தேவையில்லை, முகம் பார்த்தே பேசலாம் என்றுதான் நீங்கள் அந்த டேப்லெட்டை அனுப்பினீர்கள். அந்தக் கதையைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எனக்கு எழுத்து தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். பஸ்ஸில் போட்டிருக்கும் நம்பர் மட்டும் பார்க்கத் தெரியும். ஆகவே நான் சொல்ல, ஜெபசீலன் சார் எழுதுகிறார். ரிட்டயர் ஆன தமிழ் வாத்தியார் ஆகையால் என் பேச்சை அங்கங்கே திருத்தித்தான் எழுதுவார், காரியம் என்னுடையது. எங்கள் இருவருக்கும் நடுவில் அய்யாவழிக் கோயிலான நிழல்தாங்கலின் கமிட்டிச் செயலாளர் நாராயணபெருமாள் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வரிக்கு வரி எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறான். இந்தக் கடிதமே அவன் சொல்லித்தான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் அனுப்பிய சாமானில் குறை சொல்ல நான் வரவில்லை. மருமகன் தந்ததில் குறை சொல்லுகிற மாமன் இந்த ஜில்லாவிலேயே கிடையாது. அது மிகவும் நல்ல சாமான். திறக்காது, அவ்வளவுதான்.

லீவில் ஊருக்கு வந்திருந்த உங்கள் கூட்டுக்காரர் திருவட்டாறு ஷிபின், ஆவணி பதினொன்றாம் தேதி காலை பத்தேகால் மணிக்கு, சாரல் விட்ட நேரம், சந்தன நிறச் சட்டையில் மூன்றாவது பித்தான் இல்லாமல் வந்தார். சாயா குடித்தார், ஏத்தங்காய் வற்றல் தின்றார், பெட்டியைப் பிரித்தார். "மாமா, இதுக்குத் தெரியாத காரியம் கெடையாது. நீங்க சொன்னா எழுதும், எழுதினா வாசிக்கும், ஒங்க மொகத்தப் பாத்தா தானே தெறக்கும். ஒருக்க ஓர்மையில வச்சா பொறவு மறக்கவே செய்யாது" என்றார். உங்கள் அத்தை அடுக்களையில் இருந்தே, "சோறு வைக்குமா?" என்று கேட்டாள். "வைக்கது எப்பிடின்னு காட்டித் தரும் அத்தே." "அது எனக்கே தெரியும்" என்று சொல்லிவிட்டு அவள் தேங்காய் திருவப் போய்விட்டாள்.

திறப்பதற்கு என் முகத்தை அதற்குப் பழக்கவேண்டும் என்று ஷிபின் அதை என் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். கறுப்பாகப் பளபளவென்று கண்ணாடி மாதிரி இருந்தது. அதில் நான் தெரிந்தேன். அய்யாவழிக்காரன் முன்னால் கண்ணாடியைப் பிடித்தால் அவன் கை என்ன செய்யும்? எங்கள் நிழல்தாங்கல் பள்ளியறையில் சிலைக்குப் பதில் இருப்பது கண்ணாடி. அதன் முன் எந்த ஆணும் தலைப்பா இல்லாமல் நிற்பதில்லை. நடக்கத் தெரிந்த நாளில் இருந்து பழகிய பழக்கம். தோளில் கிடந்த துவர்த்துத் துண்டைக் கை தானே எடுத்துத் தலையில் சுற்றிக் கட்டிவிட்டது. எனக்கே அது தெரியாது. ஷிபின் சர்ச்சுக்குப் போகிற வேதக்கார வீட்டுப் பிள்ளை, போட்டோவுக்கு அழகு பார்க்கிறேன் என்று நினைத்திருப்பார். "கொள்ளாம் மாமா, கொஞ்சம் சிரிங்க" என்றார். சிரித்தேன். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே பாஸ்வேர்டு என்று ஒரு சொல்லும் ஆறு எண்ணும் சொன்னார். எதற்கு என்று எனக்குப் பிடிபடவில்லை, மனதிலும் நிற்கவில்லை.

இந்த இடத்தில் நாராயணபெருமாள் எழுத்தை நிறுத்தி, "எந்த நாளு எந்த வீட்டுச் சாப்பாடுன்னு நாப்பத்தொரு வருச முறை ஓர்மையில நிக்கி, ஆறு நம்பர் நிக்கலியா அண்ணாச்சி?" என்று கேட்கிறான். முறை என்பது கண்ணால் கண்ட வீடுகள், நம்பர் காதால் கேட்டது என்று பதில் சொல்லியிருக்கிறேன். சார், அதையும் எழுதும்.

அடுத்த மூன்று நாள் செல்லக்கனி சாயாக்கடையில் இதே பேச்சு. சொன்னதெல்லாம் இந்தச் சாமான் செய்யுமா செய்யாதா? செய்யும் என்று ஒற்றைக்காலில் நின்றவன் நாராயணபெருமாள்தான். புதிதாக எது வந்தாலும் முதலில் நம்புகிறவன் அவன். நிழல்தாங்கலுக்குத் தண்ணீர் சுத்தம் செய்யும் பெட்டி வாங்கவேண்டும் என்று எட்டு வருடம் முன்பு பங்குனி மாதம் இதே சாயாக்கடையில் இதே பெஞ்சில் நின்று பிரசங்கம் பண்ணினான். இன்றைக்கு அதன்மேல் அவன் வீட்டுக் கோழி அடைகாக்கிறது. "அது கரண்டுக் குத்தம்" என்கிறான். கோழிக்குக் கரண்டு வேண்டியதில்லை என்பதால் அது நன்றாகவே ஓடுகிறது.

இதற்கிடையில் வீட்டில் டேப் திறக்கவில்லை. ஆதிராவைப் பார்க்கவேண்டும் என்று உங்கள் அத்தை என்னை முற்றத்தில் உட்கார்த்தி வைத்தாள். முகத்தைக் காட்டினேன். இல்லை என்று தலையை ஆட்டுவதுபோல் அது ஒரு ஆட்டு ஆட்டியது. முகம் கழுவிக் காட்டினேன். பவுடர் பூசிக் காட்டினேன். பல்செட்டை மாட்டியும் கழற்றியும் காட்டினேன். ஷவரம் பண்ணிக்கொண்டு வந்து காட்டினேன். "அம்பத்தஞ்சு வருசமா பாக்கேன், எனக்கே சில நேரம் அடையாளம் தெரியாது. நேத்து வந்த சவத்துக்குத் தெரியுமாக்கும்" என்று அவள் எழுந்து போய்விட்டாள். மறுநாள் அதைப் பழைய வேட்டியில் பொதிந்து, மடியில் வைத்து, நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறினேன். ரிப்பேர் கடைக்காரர் பாஸ்வேர்டு கேட்டார், நான் முழித்தேன். என் முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். பிறகு மரியாதையாகத்தான் சொன்னார்: "அய்யா, இதுல இருக்க ஆளு நீங்க இல்ல." வடசேரி பஸ் ஸ்டாண்டில் இருந்து வீடுவரை ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, அப்படியானால் நான் யார் என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நிழல்தாங்கலுக்கு மத்தியான வழிபாடான உச்சிப்படிப்புக்குப் போகும்போது, நாராயணபெருமாள் பார்க்கவேண்டும் என்றதால் அதையும் எடுத்துப்போனேன். படிப்பு முடிந்து எல்லோரும் தலைப்பாவோடு முற்றத்தில் நிற்கிறோம். பொதியைப் பிரித்ததுதான் தாமதம், என்னைப் பார்த்து 'டிங்' என்று அது திறந்துகொண்டது. நாராயணபெருமாள் குதித்தான். "பாத்தியளா! எடம் அறிஞ்சு தெறக்குற சாமான்! வீட்டுல தெறக்காது, நாகரோயில்ல தெறக்காது, இஞ்ச தெறக்கும்!" கூட்டம் கூடிவிட்டது. இதை இங்கேயே வைக்கவேண்டும், தனியாக ஒரு கண்ணாடிப் பெட்டி செய்யவேண்டும் என்று அவன் அங்கேயே தீர்மானம் போட்டான். "அய்யாவுக்க பெருமைய மஸ்கட்டுல இருந்து வந்த சாமான் சொல்லணுமாடே? சும்மா கெட" என்றேன். அவன் சும்மா கிடக்கவில்லை. திறந்த கையோடு முறையை ஏற்றிவிடலாம் என்றான்.

முறை என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும் என்றாலும் சொல்லுகிறேன். கார்த்திகையில் பதினேழு நாள் திருஏடு வாசிப்பு. ஒவ்வொரு நாள் சாப்பாடும் ஒவ்வொரு வீட்டார் பொறுப்பு. அறுபத்தெட்டு வீடு, நாலு வருடத்துக்கு ஒருமுறை ஒரு வீட்டுக்கு நாள் வரும். எண்பத்துநாலில் அதை எழுதி வைத்த நோட்டைச் செல்லரித்து, ஒரே நாளுக்கு இரண்டு வீட்டார் அரிசியோடு வந்து நின்று அடிபிடி ஆனபோது, நான் வாயால் சொன்னேன். அன்றிலிருந்து நான்தான் சொல்லுகிறேன். யார் வீடு பாகம் பிரிந்தது, யார் சாவுத் துட்டிக்காக யாரோடு நாள் மாற்றிக்கொண்டார், எல்லாம் எனக்குள்தான் இருக்கிறது. அதை அன்றைக்கு அந்த முற்றத்தில் நின்று சொன்னேன், டேப் எழுதிக்கொண்டது. நாராயணபெருமாள் திரும்ப வாசித்தான். ஒரு வீடுகூடப் பிசகவில்லை. "இனி ஒங்களுக்கு ரெஸ்ட் அண்ணாச்சி" என்றான். ரெஸ்ட் என்றால் என்ன என்று சாரிடம் வந்து கேட்டேன். இனிமேல் வேலை இல்லை என்று அர்த்தம் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் டேப் பழையபடி மூடிக்கொண்டது. அன்று சாயங்காலம் சாரின் மருமகள் ஜின்சி வந்து, டேப்பையும் பார்த்து என்னையும் பார்த்து, "பாட்டா, ஷிபின் அண்ணன் பிடிச்சப்ப தலையில என்ன கெட்டியிருந்தீங்க?" என்று கேட்டாள். துவர்த்தைக் கட்டினேன். திறந்தது. அவிழ்த்தேன். மூடியது. இதற்குத் தலைப்பாக் கட்டிய சுயம்புராஜைத்தான் தெரியும், மற்றவன் அந்நியன். வேறு முகத்தை வைக்கலாமே என்றால், அதற்கு ஷிபின் சொன்ன ஆறு எண் வேண்டும் என்றாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கன்றுக்குட்டியைப் பார்த்தேன்.

அன்றிலிருந்து என் நிலைமையைக் கேளுங்கள். உங்கள் அத்தை பேத்தியைப் பார்க்க நினைத்தால் தென்னை விளையில் தேங்காய் பொறுக்குகிறவனைக் கூப்பிடுகிறாள். குளத்தில் சோப்புப் போட்டு நிற்கிறவனைக் கூப்பிடுகிறாள். போன புதன்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கண் அயர்ந்தேன். விழித்தால் தலையில் அவளுடைய பழைய சீலைத் துண்டு கட்டியிருக்கிறது, மூக்குக்கு நேரே டேப். "கண்ணத் தொறந்தாத்தான் தெறக்குமாம், கொஞ்சம் தொறங்களேன்" என்கிறாள். நாராயணபெருமாள் அதற்கு மேல். முன்பெல்லாம் வழியில் பார்த்து, "அண்ணாச்சி, ஒம்பதாம் நாள் ஆருக்க வீடு?" என்பான். "சாஸ்தாங்குளத்துக்கரை மேலவீடு" என்பேன். போய்விடுவான். இப்போது நாலு கமிட்டிக்காரர்களோடு வீட்டுக்கு வருகிறான். நாற்காலி போடவேண்டும். நான் தலைப்பாக் கட்டவேண்டும். முகத்தைக் காட்டவேண்டும். அவன் விரலால் மேலும் கீழும் தள்ளி, ஏழெட்டு நிமிடம் தேடி, "சாஸ்தாங்குளத்துக்கரை மேலவீடு!" என்று வாசிப்பான். "அதத்தானேடே நான் சொல்லுவேன்" என்றால், "ஒங்க வாய் வேற, ரெக்காடு வேற அண்ணாச்சி" என்கிறான். ரெக்காடு எந்த வாயில் இருந்து வந்தது என்று கேட்டேன். அவன் சாயாவைக் குடித்துவிட்டான்.

ஆகவே கமிட்டி கூடி முடிவு செய்தது என்னவென்றால்: ஷிபின் லீவு முடிந்து அங்கே வந்துவிட்டபடியால், நீங்கள் அவரிடம் அந்த ஆறு எண்ணைக் கேட்டு உடனே தெரிவிக்கவேண்டும். தெரிவித்தால், என் முகத்தை எடுத்துவிட்டுச் செயலாளர் முகத்தை வைப்பார்கள். எழுபத்தெட்டு வயதில் என்னை இனித் தொந்தரவு செய்யக்கூடாது என்பது அவர்கள் எண்ணம். எனக்கும் அதில் பூரண சம்மதம் என்று எழுதச் சொல்லி நாராயணபெருமாள் சாரின் முழங்கையை இடிக்கிறான். எழுதும் சார். மனுசனைவிடச் சாமான் பெரிதா என்று சாயாக்கடையில் இனித் தர்க்கம் பண்ணவேண்டாம். ஷிபின் சொன்ன அளவுக்கு அது இல்லை என்பதுதான் என் அபிப்பிராயம். அந்தச் சாமானை இவர்களே எடுத்துக்கொள்ளட்டும்.

சுனிதாவை வெயிலில் அலையவிட வேண்டாம். ஆதிராவுக்கு எங்கள் முத்தம். உங்கள் தலைக்கும் உங்கள் தொழிலுக்கும் அய்யா காவல் நிற்கட்டும். இதைப் படம் எடுத்து அனுப்ப, இதோ மறுபடியும் தலைப்பாக் கட்டுகிறேன்.

இப்படிக்கு, உங்கள் மேல் மரியாதை குறையாத மாமன்,
சுயம்புராஜ்

பின்குறிப்பு: மருமவனே, இது சார் எழுதுனதில்ல. கடுதாசியப் படம் எடுத்து அனுப்பிட்டு சாரும் போயாச்சு, நாராயணபெருமாளும் போயாச்சு. நான் தொழுத்துல சிவப்பி பக்கம் நின்னு இந்த டேப்புட்ட பையப் பேசுகேன், அதே எழுதிட்டு வருது. ஆதிராப் பிள்ளதான் மைக் படத்தக் காட்டித் தந்தா. தலையில ஒண்ணும் கெட்டல. ஷிபின் சொன்ன ஆறு நம்பரும் சொன்ன வரிசையில அப்பிடியே ஓர்மையில இருக்கு, அதப் போட்டுத்தான் தெறந்தேன். அதான் கதவுன்னு ஜின்சி சொன்ன அன்னைக்குத்தான் எனக்கு வெளங்கிச்சு. அன்னைக்கு மத்தியானந்தான் நாராயணபெருமாள் எனக்கு ரெஸ்ட்டுன்னான். ஷிபின்ட்ட கேக்காண்டாம். கேட்டாலும் மறந்து போச்சுன்னு சொல்லச் சொல்லுங்க. நாப்பத்தொரு வருசம் வழியில கண்டு கேட்டுட்டுப் போனவன், இப்ப நாலு பேரக் கூட்டிட்டு வந்து, "அண்ணாச்சி தலைப்பா கெட்டணும்"ன்னு நிக்கான். ஷிபின் சொன்னதுக்கு மேலயே இருக்கு, நல்ல சாமான். ஒரு குறையும் கெடையாது. நாளக் காலத்த மறுபடியும் வாறானாம். துவர்த்த நீலம் முக்கிக் காயப் போட்டிருக்கேன்.